ஏழு சுனையை ஒரு தொட்டியாக்கிய முள்ளம்பன்றி

ஒரு காட்டில், அதுவும் சாதாரணக் காடு இல்லை, ஒரு சுள்ளி ஒடிக்க வேண்டுமென்றால்கூட நாலு மரங்களிடம் ஒப்புதல் வாங்க வேண்டிய அளவுக்கு நிர்வாகம் முற்றிப்போன ஒரு காட்டில், ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றி இருந்தார். திட்டம் போடுவது அவருக்குத் தொழில். நத்தைகள் போகும் பாதையில் வேகத்தடை போட்டது அவர்தான். ஆந்தைகள் பாவம் இருட்டில் அல்லாடுகின்றனவே என்று தெருவிளக்கு நட்டதும் அவர்தான். ஆந்தைகள் குடும்பம் குடும்பமாகக் காட்டைக் காலிசெய்துகொண்டு போனபோது, வெளிச்சம் வந்ததால்தான் அவற்றுக்குப் போகும் வழி தெரிந்தது என்று அறிக்கை எழுதியதும் அவரேதான்.

தன்னைப்பற்றி அவருக்குப் பெரிய மயக்கம் எதுவும் கிடையாது. வளைக்குள் தனியாகப் படுத்துக்கொண்டு தான் போட்ட திட்டங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துச் சிரிப்பார். சிரித்தால் முதுகு முள்ளெல்லாம் கலகலவென்று ஆடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு, வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் போல என்று ஓடிப்போய் எட்டிப் பார்ப்பார். யாரும் இருக்கமாட்டார்கள்.

அதுதான் அவர் குறை. யாரும் பக்கத்தில் வருவதில்லை. தப்பித்தவறி அவர்மேல் மோதிவிட்டவர்கள்கூட, மன்னிச்சுக்கங்க என்று பத்தடி பின்வாங்கிப் போய்விடுவார்கள். காட்டுப்பன்றிக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அந்தக் குடும்பமே அவரிடம் கேட்டிருக்கிறது. ஆகவே ஈட்டியப்பன், ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வது என்றால் மரியாதையான, கொஞ்சம் நீளக்கூடாதா என்று ஏங்கவைக்கிற ஒரு சமாச்சாரம் என்றே நினைத்து வளர்ந்துவிட்டார். முள்ளோடு பிறந்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்?

ஒரு மழைநாளில், ஒதுங்க இடம் இல்லாமல், தும்பை என்ற சருகுமான் அவர் வளைக்குள் வந்து நின்றாள். முயல் அளவே இருக்கும் மான் அது. கொம்பு கிடையாது, அலட்டல் கிடையாது. சருகின்மேல் நடந்தாலும் சத்தம் வராது. அவள் அவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு முன்பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, மொகத்துப் பக்கம் முள்ளே இல்லையே. இத யாரும் பாக்கலையா?" என்றாள்.

யாரும் பார்த்ததில்லை. அவரே பார்த்ததில்லை. அன்றுமுதல் சாயங்காலம் ஆனால் தும்பை வருவாள். எதிரே உட்கார்ந்து அத்திப்பழத்தை மென்றுகொண்டே காட்டில் நடந்த கதையெல்லாம் சொல்வாள். ஒருவர் வந்து உட்கார்ந்ததற்கே மனசு இப்படி நிறைகிறதே, காடே வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று ஈட்டியப்பன் கணக்குப் போட்டார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அந்தச் சமயம் பார்த்து, காட்டு வளர்ச்சிக் குழுவின் தலைவர் மத்தகராயர், அவர் ஒரு யானை, ஈட்டியப்பனைக் கூப்பிட்டனுப்பினார். தூரத்து ஏரிக்கரையில் ஓர் ஆராய்ச்சிப் பூங்கா வைத்திருக்கிறார்களாம், நம் காட்டில் ஏன் இல்லை என்று கேட்டார். ஆராய்ச்சிப் பூங்கா என்றால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. பெரிய இடத்தில் அதெல்லாம் கேட்கிற வழக்கம் இல்லை. ஈட்டியப்பன் குழுவின் செலவில் ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அங்கே அவர் கண்ட காட்சி அவரை அழவைத்துவிட்டது. ஒரே பெரிய கூடம். அதற்குள் ஆயிரக்கணக்கான பூநாரைகள். ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு, கழுத்தோடு கழுத்துப் பின்னிக்கொண்டு, பேச்சு, பேச்சு, பேச்சு. அந்தப் பேச்சுச் சத்தத்தில் மேலே போன மேகம் ஒன்று வழி தவறி அடுத்த மாவட்டத்தில் போய்ப் பெய்ததாகச் சொன்னார்கள். இது எப்படி நடக்கிறது என்று அங்கிருந்த நிர்வாகியிடம் கேட்டார். எல்லாம் தற்செயல் சந்திப்பின் மகிமை என்றது நிர்வாகிப் பூநாரை. போகிறவரும் வருகிறவரும் எதிர்பாராமல் மோதிக்கொண்டால் புதிய யோசனை பிறக்கும். மோதுவதற்கு வசதியாகக் கட்டடத்தைக் கட்டிவிட்டால் போதும், மற்றது தானாக நடக்கும்.

அங்கே ஆராய்ந்தவை அத்தனையும் பூநாரை, ஆராய்ந்தது அத்தனையும் சேறு என்பதை ஈட்டியப்பன் குறித்துக்கொள்ளவில்லை. வரைபடத்தை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போது அந்தக் காட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். அதற்கு ஏழ்சுனைக் காடு என்று பெயர். ஏழு சுனை உண்டு, ஏழுக்கும் முறை உண்டு. மான்கள் விடிகிற நேரத்தில் கிழக்குச் சுனை. கோழிகள் வெயில் ஏறியபிறகு பாறைச் சுனை. பன்றிகள் உச்சிப்பொழுதில் சேற்றுச் சுனை. சிறுத்தை மட்டும் பொழுது சாய்ந்தபிறகு மேற்குச் சுனை. ஒருவர் முறையில் இன்னொருவர் போகமாட்டார். இந்த ஏற்பாட்டை யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மீறியவர்கள் திரும்பி வந்து சொன்னதில்லை.

ஈட்டியப்பனுக்கு இந்த முறை அறவே பிடிக்காது. அவருடைய முறை நடுச்சாமத்தில், ஓரத்துச் சுனையில், தன்னந்தனியாக. ஒரு காட்டில் வாழ்ந்துகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே தண்ணீர் குடித்துவிட்டுப் போவதா, இதனால்தான் இங்கே ஒரு புதிய யோசனையும் பிறக்கவில்லை என்று திட்ட அறிக்கையில் எழுதினார். ஏழு சுனையின் வாயையும் சிமெண்டு வைத்து அடைத்து, தண்ணீரைக் குழாய் வழியே கொண்டுவந்து, பூங்காவின் நடுக்கூடத்தில் ஒரே தொட்டியில் விழச்செய்வது என்று வரைபடம் போட்டார். எந்நேரமும் திறந்திருக்கும் தொட்டி. கட்டடத்துக்கு ஒரே வாசல், ஒரே மாடிப்படி. யார் எங்கே போவதென்றாலும் நடுக்கூடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும்.

வரைபடத்தைப் பார்த்த தும்பை மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

"அண்ணாச்சி, முறை வச்சது தண்ணி குடிக்கிறதுக்கு இல்ல. குடிச்சிட்டுத் திரும்பி வர்றதுக்கு."

பழைய சிந்தனை என்று அவர் சிரித்தார். என்மேல் எத்தனை பேர் மோதியிருக்கிறார்கள், எனக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்டார். அவள் அவர் முதுகைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், அத்திப்பழத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல ஆரம்பித்தாள்.

குழு உத்தரவு போட்டது, சுனைகள் அடைபட்டன, கட்டடம் எழும்பியது. ஆனால் அறை கேட்டு ஒருவரும் வரவில்லை. பூங்கா நடத்துவதில் ஒரு சூட்சுமம் உண்டு: முதலில் பெரிய தலை ஒன்றைக் குடியேற்றிவிட்டால் சின்னத் தலைகள் பின்னாலேயே வரும். அப்படி முதலில் வருகிறவருக்கு நங்கூர உறுப்பினர் என்று பெயர். பூங்காவின் டைரக்டர் என்ற முறையில் ஈட்டியப்பன் நேராக மேற்குப் பாறைக்குப் போய் சிறுத்தையைப் பார்த்தார். சிறுத்தையின் பெயர் வேங்கடபதி. பேச்சில் பழுத்த கண்ணியம். யாரையும் ஒருமையில் அழைக்கமாட்டார், சாப்பிடும்போதுகூட.

நான் தனியாகச் சாப்பிட்டுத் தனியாகத் தூங்குகிறவன், இதில் எனக்கு என்ன பயன் என்று வேங்கடபதி கேட்டார்.

ஈட்டியப்பன் வரைபடத்தை விரித்துவைத்து உற்சாகமாக விளக்கினார். "ஒரே வாசல், ஒரே தொட்டி. தொட்டிக்கு வருகிற எல்லோரும் உங்கள் அறை வாசலைத் தாண்டித்தான் வந்தாகவேண்டும். எந்நேரமும் வருவார்கள். முறை கிறை எல்லாம் ரத்து. நீங்கள் கொஞ்சமும் எதிர்பாராத நேரத்தில், எதிர்பாராதவர்கள் வந்து உங்கள்மேல் மோதுவார்கள்."

வேங்கடபதி இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அவர் கண் கலங்கிவிட்டது.

"என்னைப்பற்றி இவ்வளவு தூரம் யோசித்த ஒருவரை இதுவரை நான் பார்த்ததில்லை, டைரக்டர் சார்," என்றார்.

சிறுத்தையே வந்துவிட்டது, அப்படியானால் ஏதோ இருக்கிறது என்று கூட்டம் அலைமோதியது. இங்கே கொஞ்சம் நிதானிக்கவேண்டும். ஏன் ஓடவில்லை, ஏன் வந்தார்கள் என்று கேட்பீர்கள். தண்ணீர் அங்கே மட்டும்தானே இருந்தது. குடிக்க வந்தவர்களிடம் உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று கேட்டார்கள். உறுப்பினர் ஆகவேண்டுமானால் ஏதாவது ஆராயவேண்டும் என்றார்கள். தாகத்தில் எல்லோரும் ஆராய்ச்சியாளர் ஆனார்கள். காட்டுக்கோழியம்மா, சூரியன் உதிக்காமலே கூவுவது எப்படி என்ற ஆய்வுக்கு அறை எடுத்தாள். முயல் தம்பதி ஓடிக்கொண்டே தூங்குவது பற்றி எழுதிக்கொடுத்தார்கள். ஆமை, அவசரம் என்ற தலைப்பைப் பதிவுசெய்தது. தும்பைக்கு மட்டும் எழுதத் தெரியவில்லை. சத்தமில்லாமல் நடப்பது என்று ஈட்டியப்பனே எழுதி, தொட்டிக்கு மேலே மாடியில், தன் அலுவலகத்துக்கு எதிரில் அறை ஒதுக்கினார். அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து எதிரெதிராகப் பேசலாம் என்று அவருக்கு ஓர் ஆசை.

வருகைப் பதிவுக்குக் கைரேகைக் கருவி வைத்தார்கள். பாம்புக்குக் கை இல்லை. கை இல்லை என்று சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள். சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். அது இன்னும் வரிசையில் நிற்கிறதாகக் கேள்வி. வாலைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், தலை எந்தக் கவுண்டரில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

முதல் மாதம் முடிந்து ஈட்டியப்பன் கருவியைத் திறந்து பார்த்தார். காட்டுக்கோழியம்மா உள்ளே வந்ததற்குப் பதிவு இருந்தது, வெளியே போனதற்கு இல்லை. முயல் தம்பதிக்கும் அப்படியே. வீடுவாசலை மறந்து இரவுபகலாக உழைக்கிறார்கள் என்று குழுவுக்கு எழுதினார். அறைகள் காலியாக இருப்பதைத் துப்புரவுக் காகம் வந்து சொன்னபோது, அப்படியானால் வளர்ந்து பெரியவர்களாகி வெளியேறிவிட்டார்கள் என்று திருத்தி எழுதினார். ஆமையின் ஓட்டில் புதிது புதிதாகப் பல்தடம் தெரிந்தது. தற்செயல் சந்திப்பு ஒன்று விடாமல் கலந்துகொள்கிறேன் என்று ஆமை சொன்னது. அதன் குரலில் பெருமையா வேறு ஏதாவதா என்று பிரித்தறிய முடியவில்லை. ஈட்டியப்பன் பெருமை என்றே எடுத்துக்கொண்டார்.

தும்பை மட்டும் தொட்டிக்கு எப்போது போகிறாள், எப்போது வருகிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு சாயங்காலம் எதிரில் வந்து உட்கார்ந்தவள், பழம் எடுத்துக்கொள்ளாமல், தான் போய்விடப்போவதாகச் சொன்னாள். எங்கே என்றார். தெரியாது, ஏதாவது குட்டை இருக்கும் என்றாள். வருகிற பௌர்ணமிக்கு மத்தகராயர் பார்வையிட வருகிறார், அறைகள் காலியாக இருந்தால் பூங்காவை மூடிவிடுவார், மூடிவிட்டால் நான் பழையபடி வளைக்குள் போய்த் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், அதுவரைக்குமாவது இரு என்று ஈட்டியப்பன் கெஞ்சினார். தும்பை அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஒங்க மொகத்துக்காக இருக்கேன் அண்ணாச்சி," என்றாள். "பூங்காவுக்காக இல்ல."

மறுநாள் காலை வேங்கடபதி ஒரு விண்ணப்பத்தோடு அலுவலகத்துக்கு வந்தார். அறை மாற்றம் வேண்டுமாம். சருகுமானின் பக்கத்து அறை.

காரணம் கேட்டார் ஈட்டியப்பன். முத்திரை ஏற்கெனவே கையில் இருந்தது.

"கோழியம்மாவுடன் செய்த கூட்டு முயற்சி நிறைவாக அமைந்தது," என்றார் வேங்கடபதி. "முயல் தம்பதியுடன் செய்ததும் அப்படித்தான். அடுத்ததாக அந்தச் சருகுமானுடன் ஒன்று உத்தேசித்திருக்கிறேன். நடுக்கூடத்தில் கண்ணிலேயே படமாட்டேன் என்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் என்றால் வசதியாக இருக்கும்."

அவர் மீசையோரத்தில் சிவப்பு இறகு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஈட்டியப்பன் அதைப் பார்த்தார். அந்த இறகைத் தினமும் வாசலில் பார்த்து, நல்லா இருக்கீங்களா கோழியம்மா என்று விசாரித்தவர் அவர். முத்திரையை மெதுவாகக் கீழே வைத்தார். முதுகு முள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது.

வேங்கடபதிக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "நீங்கள்தானே சார் விளக்கினீர்கள்? வரைபடத்தை விரித்துவைத்து, ஒரே வாசல் என்று? தெரிந்துதான் சொல்கிறீர்கள் என்று நினைத்தேனே."

ஈட்டியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரால் அடக்க முடியவில்லை. நத்தைக்கு வேகத்தடை, ஆந்தைக்கு விளக்கு, இப்போது சிறுத்தைக்குச் சாப்பாட்டுக்கூடம். தன் வாழ்க்கையில் பயன்படுத்துகிறவரின் தேவையை அறிந்து கச்சிதமாகக் கட்டிய ஒரே கட்டடம் இதுதான் என்று தோன்றியது. முள்ளெல்லாம் கலகலவென்று ஆடின. வேங்கடபதி மரியாதைக்குக் கூடவே சிரித்தார்.

சிரித்து முடித்ததும் தொழில் புத்தி வேலை செய்தது. சிறுத்தையை எதிர்த்துச் சண்டைபோட அவருக்குத் தெரியாது. ஆனால் ஓர் அலுவலகக் கோப்பை எப்படி நகரவிடாமல் செய்வது என்று தெரியும். விண்ணப்பம் பழைய படிவத்தில் இருக்கிறது, புதிய படிவத்தில் மூன்று பிரதி வேண்டும், மூன்றிலும் தடையில்லாச் சான்று இணைக்கவேண்டும், அதற்கு டோக்கன் எடுத்து வரிசையில் நிற்கவேண்டும் என்றார். வேங்கடபதி சட்டத்தை மதிக்கிறவர். டோக்கன் எடுத்துக்கொண்டு போய்ப் பாம்புக்குப் பின்னால் நின்றார்.

ஈட்டியப்பன் தும்பையின் அறைக்கு ஓடி, எல்லாவற்றையும் சொன்னார். அவள் அதிர்ச்சி அடையவில்லை. காட்டில் அந்தச் செய்தி தெரியாத ஒரே ஆள் டைரக்டர்தான் போலிருக்கிறது. இப்போதே கிளம்பு என்றார் அவர். எந்தத் தண்ணிக்கு அண்ணாச்சி என்றாள் அவள். அந்த ஆண்டு மழை பொய்த்து, அவள் நம்பியிருந்த குட்டையும் வற்றிக் கிடந்தது. சுனையைத் திறந்துவிடலாமே என்றால், மூடத்தான் குழு உத்தரவு போட்டிருந்தது. திறக்கவேண்டுமானால் மத்தகராயர் வந்து, மூடியது தப்பு என்று ஒப்புக்கொள்ளவேண்டும். யானை வழுக்கி விழுந்தாலும் விழும், அதைச் செய்யாது.

அவர் தன் வளைக்குப் போனார். உதிர்ந்த முள்ளையெல்லாம் ஒரு மூலையில் குவித்துவைத்திருந்தார்; தனிமையில் இருக்கிறவர்கள் எதையாவது சேர்த்துவைப்பார்கள் அல்லவா. கட்டுக் கட்டாக அள்ளிவந்து, கொடியால் தும்பையின் முதுகைச் சுற்றிக் கட்டினார். இனி நீ தொட்டிக்கு நடுப்பகலில்கூடப் போகலாம் என்றார். போனாள். டோக்கன் வரிசையில் சலித்துப்போயிருந்த வேங்கடபதி ஆசையோடு பாய்ந்து வந்து, உதட்டில் மூன்று முள்ளோடு, மன்னிக்கவேண்டும் அம்மா என்று சொல்லிப் பத்தடி பின்வாங்கினார்.

இதை மொத்தப் பூங்காவும் பார்த்தது. அவ்வளவுதான், அலுவலக வாசலில் வரிசை சேர்ந்துவிட்டது. உடும்புக்கு ஒரு கட்டு, கீரிக்கு ஒரு கட்டு, புதிதாக வந்த முயல்களுக்கு ஆளுக்கொரு கட்டு. குவியல் தீர்ந்தது. வரிசை தீரவில்லை. ஈட்டியப்பன் தன் முதுகிலிருந்தே பிடுங்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும், முதல்தடவையாகத் தன்னிடமிருந்து ஏதோ ஒன்றை எல்லோரும் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்களே என்று ஓர் அற்பச் சந்தோஷமும் இருந்ததை மறைக்கக்கூடாது. கடைசியாக ஆமை வந்து நின்றது.

உனக்குத்தான் ஓடு இருக்கிறதே என்றார்.

"ஊருக்கெல்லாம் குடுத்துட்டு எனக்கு மட்டும் இல்லைன்னா எப்படி? நானும் சந்தா கட்டுறவன்தான்," என்றது ஆமை.

வாலோரத்தில் மிச்சமிருந்ததையும் பிடுங்கிக் கொடுத்தார்.

பௌர்ணமியன்று மத்தகராயர் பரிவாரத்தோடு வந்தார். வந்ததும் வராததுமாகத் தாகம் என்று தொட்டியில் துதிக்கையை விட்டு ஒரே உறிஞ்சில் காலிசெய்தார், பிறகு பார்வையிட்டார். அறைக்கு ஒருவராக எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். முதுகெல்லாம் முள். ஒருவர் பக்கத்தில் ஒருவர் போவதில்லை. நடுக்கூடத்தில் யாராவது எதிர்ப்பட்டால் இருவருமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கிப்போனார்கள். ஒரு பேச்சுச் சத்தம் கிடையாது. மத்தகராயருக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை பேர் இருக்கும் இடத்தில் இப்படி ஓர் அமைதியா, எல்லோரும் எவ்வளவு ஆழ்ந்த சிந்தனையில் இருக்கிறார்கள் என்று வியந்தார். முதுகில் இருப்பது என்ன என்று கேட்டார். பூங்காவின் கண்டுபிடிப்பு என்றார்கள். அங்கேயே விருது அறிவித்து, ஈட்டியப்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார். அதுவரை எத்தனையோ மேடையில் அவருக்குப் போர்த்த வந்தவர்கள் கிழிந்துவிடும் என்று கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றுதான் துணி முதுகில் வழுவழுவென்று உட்கார்ந்தது. ஆனாலும் அதன் அடியில் முள் இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

எல்லோரும் போய், பொழுது சாய்கிற நேரம். ஈட்டியப்பன் விருதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுக்கூடத்தில் நடந்துவந்தார். தொட்டியில் குழாய்த் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தூண் திரும்புகிற இடத்தில் யார்மேலோ மோதிக்கொண்டார். பொன்னாடை நழுவி விழுந்தது.

எதிரில் இருந்தவர் மன்னிப்புக் கேட்கவில்லை.

வேங்கடபதி அவரை மேலும் கீழும் பார்த்தார். பல நாள் பட்டினியில் அவர் விலா எலும்பு தெரிந்தது. டைரக்டரைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார்.

"இவ்வளவுதானா சார் நீங்கள்?" என்றார். குரலில் கேலி இல்லை, வருத்தம்தான் இருந்தது. "நான் என்னமோ பெரிய உருவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

நானும்தான் என்றார் ஈட்டியப்பன்.

ஓடுவதற்கு வாசல் ஒன்றுதான். அதை வரைந்தது யார் என்று அவருக்கு நன்றாக நினைவிருந்தது. வேங்கடபதி எதிரில், முகத்துக்கு முகமாக உட்கார்ந்தார். ஒருவேளைப் பசிக்குக்கூடக் காணாது என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். அதற்கப்புறம் நாளைக்கு என்ன செய்வது என்றும் கேட்டுக்கொண்டார். இந்தப் பூங்கா முடிந்துபோன கதை, எல்லோரும் முள் கட்டிக்கொண்டுவிட்டார்கள் என்றார்.

"வடக்கே பக்கத்துக் காட்டில்," என்று ஆரம்பித்தார் ஈட்டியப்பன். ஏன் ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியாது. நாக்கு தானாகப் புரண்டது.

"அங்கேயும் சுனை உண்டா?"

"ஒன்பது."

"முறை வைத்தா குடிக்கிறார்கள்?"

"முறை வைத்துத்தான்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் பாதி சொல்ல, மற்றவர் மீதியைச் சொன்னார். ஒரே வாசல் என்றார் இவர். படிக்கட்டைக் கொஞ்சம் குறுகலாக வைக்கலாமே என்றார் அவர். நங்கூர உறுப்பினரை நாமே கொண்டுவருகிறோம் என்று சொன்னால் அந்தக் காட்டுக் குழு காலில் விழுந்து ஒத்துக்கொள்ளும் என்றார் இவர். ஆலோசகர் என்று ஒரு பதவி இருக்கட்டும், அவரை யாரும் தொடக்கூடாது என்று விதி எழுதிவிடலாம் என்றார் அவர். பேச்சு, பேச்சு, பேச்சு. அந்தக் கூடம் கட்டிய நாளிலிருந்து அங்கே நடந்த முதல் தற்செயல் சந்திப்பு அதுதான். நிர்வாகிப் பூநாரை சொன்னபடியே புதிய யோசனை ஒன்று பிறந்தும்விட்டது. அவ்வளவு பயத்திலும் ஈட்டியப்பனுக்கு, தன் கொள்கை சரியென்று தெரிந்ததில் வெட்கங்கெட்ட ஓர் ஆனந்தம் வந்தது. சிரித்தார். ஆட முள் இல்லாததால் சத்தம் வரவில்லை.

மறுநாள் புறப்படுமுன் தும்பையிடம் சொல்லிக்கொள்ளப் போனார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல முன்பக்கமாக அவர் நெருங்கியபோது அவள் சட்டென்று தலையை உயர்த்தினாள்.

"அங்கேயே நில்லுங்க அண்ணாச்சி. மொகத்துலயும் கட்டியிருக்கேன்."

நெற்றி, தாடை, கன்னம் எல்லாம் அவருடைய முள்தான். நன்றாகவே கட்டியிருந்தாள். அவர் வாசற்படியிலேயே நின்று, வடக்கே புதிய பூங்கா ஒன்று வருவதைப்பற்றிச் சொன்னார். யார் கூட வருகிறார் என்பதையும் சொன்னார். மறைக்க நினைத்தார், அவள் முன்னால் முடியவில்லை.

தும்பை ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அங்க உள்ளவங்களுக்கும் முள்ளு குடுப்பீங்கள்ல?"

ஈட்டியப்பன் மொட்டை முதுகைத் தடவிக்கொண்டார். வாசலில் வேங்கடபதி செருமினார்.

"அது இரண்டாம் கட்டத்தில் வருகிறது, தும்பை," என்றார்.

நீதி: இருவர் எதிர்பாராமல் மோதிக்கொண்டால் புதிய யோசனை பிறப்பது உறுதி. அது பக்கத்துக் காட்டைப் பற்றியதாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் திட்டமிடல்.